சுற்றறிக்கையும் பேச்சுரிமையும்

அரசாங்கக் கந்தோர்களிலிருந்து வெளிவரும் சுற்றறிக்கைகளை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. எனினும் அவற்றிற்கும் ஒரு நடையுண்டு. அந்த நடைக்கு ஒரு சமூகப் பின்னணியுண்டு. கவிதையொன்றைச் சொற்சொல்லாகப் பிரித்து ஆராய்வது போல அவற்றையும் ஆராய்வதிலே தவறொன்றுமில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியிலே பொது நிர்வாக அமைச்சின் செயலாளர் வெளியிட்ட சுற்றறிக்கை அத்தகைய ஆராய்ச்சிக்கு உரியது. அரசாங்க உத்தியோகத்தர் சமூக வலைத்தளங்களிலே கருத்துத் தெரிவிப்பது பற்றியது அது. தாபன விதிக்கோவையின் இரண்டாந் தொகுதியிலுள்ள 47ஆம் அத்தியாயத்தைச் சுட்டி, அவ்விதிகளுக்கு மாறாகச் சமூக வலைத்தளங்களிலே கருத்து வெளியிடுதல் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உரிய குற்றமாகும் என அது நினைவூட்டியது.

நினைவூட்டியது என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். அந்தச் சுற்றறிக்கை புதிதாக எதனையும் இயற்றவில்லை. பழைய விதியொன்றை எடுத்து அதற்குள் புதிய கருவியொன்றின் பெயரை நுழைத்தது, அவ்வளவே. ஆனால் இந்தச் சிறிய நுழைப்பிலேதான் பெரிய மாற்றமொன்று மறைந்திருக்கிறது. பழைய விதியை எழுதியோரின் மனக்கண் முன் நின்றவர், கோப்பிலுள்ள செய்தியைப் பத்திரிகை நிருபரிடம் கொடுத்துவிடும் உத்தியோகத்தர் என்றே எண்ண இடமுண்டு. அவரைத் தடுப்பதிலே ஓரளவு நியாயமும் உண்டு. நோயாளி ஒருவரின் மருத்துவக் குறிப்பையோ, பரீட்சைக்கு முந்திய வினாத்தாளையோ, ஏழைக் குடும்பமொன்றின் உதவி விண்ணப்பத்தையோ ஊரறியச் செய்வது பேச்சுரிமையாகாது. ஆயின், ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பாணின் விலையைப் பற்றி அயலவரிடம் குறைகூறினால் அதைக் கேட்டெழுதிக் கொண்டுபோக அன்று ஆளிருக்கவில்லை. இன்று திண்ணைப் பேச்சே எழுத்தாகிவிட்டது. முகநூலிலே நடப்பது பெரும்பாலும் திண்ணைப் பேச்சே. அது எழுத்து வடிவிலே கிடைப்பதால், விசாரணை அதிகாரி அதை அச்சடித்துக் கோப்பிலே சேர்க்கமுடிகிறது. பேசுகின்ற மனிதன் மாறவில்லை. பேச்சுத்தான் சாட்சியமாக மாறிவிட்டது. தகவலைக் காப்பதற்கென எழுந்த விதி கருத்தை அடக்கும் விதியாக மாறுவது இவ்வாறுதான்.

சுற்றறிக்கை வெளிவந்த காலத்தையும் வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். 2022 ஏப்பிரிலிலே அரசாங்கம் சமூக வலைத்தளங்களை ஏறக்குறைய பதினாறு மணித்தியாலம் முடக்கிப் பார்த்தது; பயன் விளையவில்லை. யூலையிலே ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களில் அது 94.9 வீதம். அதாவது, முந்திய ஆண்டிலே நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்க ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா வேண்டியிருந்தது. சம்பளம் அதே இடத்தில் நின்றது. இத்தகைய மாதத்திலே உத்தியோகத்தரைப் பார்த்து ‘கருத்துத் தெரிவியாதே’ என்று கூறுவது, பசித்தவனிடம் பசியைப் பற்றிப் பேசாதே என்று கூறுவதற்கு ஒப்பானது.

இதனை நான் கேள்விப்பட்டதைக்கொண்டு எழுதவில்லை. எனக்குப் பழக்கமான இளம் ஆசிரியை ஒருவர், தமது பாடசாலையிலே காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பற்றி முகநூலிலே பத்துப் பதினைந்து வரிகள் எழுதியிருந்தார். பாடசாலையின் பெயரில்லை, பிள்ளைகளின் பெயரில்லை, எந்த அமைச்சரையும் அவர் ஏசவில்லை. காலையில் உண்ணாது வரும் ஒரு சிறுமி, மயக்கந் தெளிந்ததும், வீட்டில் சொல்லவேண்டாமென்று கெஞ்சியதை மட்டும் எழுதியிருந்தார். இரண்டு வாரத்திற்குள் சுற்றறிக்கை வந்தது. அதிபர் ஒன்றுஞ் சொல்லவில்லை. ஆசிரியர் அறையிலே அதன் பிரதியொன்று ஒட்டப்பட்டது. அன்று மாலை அவர் என்னிடம் வந்து, ‘என்ன செய்யிறது சேர்?’ என்று கேட்டார். ‘அழிச்சுவிடும் பிள்ளை. நிரந்தர நியமனம் கிடைக்கட்டும், பிறகு பாப்பம்’ என்று கூறியவன் நானே. முப்பது ஆண்டுகள் தொழிற்சங்கக் கூட்டங்களிலே பேச்சுரிமை பற்றி முழங்கிய ஒருவனின் வாயிலிருந்து அந்த நேரத்திலே வந்த சொற்கள் அவை. சுற்றறிக்கையின் உண்மையான வேலை இதுதான். அதன் கீழ் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்று எண்ணி அதன் வலிமையை அளக்க முயல்வோர் ஏமாந்துபோவர். தண்டனை தேவைப்படாத அளவுக்கு நண்பர்களும் நலன்விரும்பிகளுமே அதனை நடைமுறைப்படுத்தி விடுகிறார்கள்.

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீட்டுச் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் அளிக்கிறது. உத்தியோகத்தர் நீங்கலாக என்று அங்கு எழுதப்படவில்லை. 15ஆம் உறுப்புரை இந்த உரிமையை எவ்வெக் காரணங்களுக்காக மட்டுப்படுத்தலாம் என்று வகுக்கிறது: இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல் முதலியன. அவ்வாறு மட்டுப்படுத்துவதும் சட்டத்தினால் செய்யப்படவேண்டும் என்கிறது. அதே உறுப்புரை ஆயுதப் படையினரையும் பொலிசாரையும் தனியே பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களின் கடமையையும் கட்டுப்பாட்டையும் முன்னிட்டு அவர்களின் உரிமைகளை மேலும் மட்டுப்படுத்தச் சட்டத்துக்கு இடமளிக்கிறது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் தாதியும் அந்தப் பட்டியலிலே இல்லை. அரசியலமைப்பை வரைந்தோர் அவர்களை மறந்துவிட்டனர் என்று கூறமுடியுமா? அமைச்சின் செயலாளரின் கையொப்பமிட்ட கடதாசி பாராளுமன்றம் இயற்றிய சட்டமுமன்று. இந்த இரண்டு கேள்விகளையும் எழுப்பத் தொழிற்சங்கங்களுக்கு வழக்கறிஞர் கூடத் தேவையில்லை. வாசிக்கத் தெரிந்தாற் போதும்.

ஆனால் இது சட்டப்பிரச்சினை மாத்திரமன்று. எமது இலக்கியத்தின் பிரச்சினையுமாகும். ஈழத்திலே, தமிழிலாயினும் சிங்களத்திலாயினும், எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்த எழுத்தாளர் எத்தனை பேர்? ஆசிரியராக, எழுதுவினைஞராக, தபாலதிபராக, கிராமசேவையாளராகப் பகலிலே உழைத்து இரவிலே எழுதியவர்களே எமது சிறுகதையையும் நாவலையும் வளர்த்தனர். எமது புனைபெயர்களுட் பல அழகுணர்ச்சியாற் பிறந்தவையல்ல, உத்தியோகத்தைப் பற்றிய அச்சத்தாற் பிறந்தவை. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார அரசாங்கத்திலே அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தவர். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ‘அர்த’ என்ற சிறுகதையை முகநூலில் வெளியிட்டார். பிக்குமார் சிலர் முறையிட்டனர். ஏப்பிரில் முதலாந் திகதி கைதுசெய்யப்பட்டு நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ஓகஸ்டிலே பிணை கிடைத்தது. 2021 பெப்ரவரியிலேதான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென 2007இல் நிறைவேற்றிய சட்டமே அவரைச் சிறையிலிடப் பயன்பட்டது என்பதை அறியும்போது, சட்டங்களுக்குப் பெயரிடுவோரின் நகைச்சுவை உணர்ச்சியை எண்ணி வியக்கவேண்டியிருக்கிறது.

புனைபெயர் இனிக் காப்பாற்றுமா? அவுஸ்திரேலியாவிலே குடிவரவுத் திணைக்களத்தில் பணியாற்றிய பெண் ஊழியர் ஒருவர் அந்தக் கேள்விக்கு விடை கண்டார். அவர் தம் பெயரை மறைத்து, ருவிற்றரிலே ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான குறிப்புகளை எழுதினார். புகலிடம் நாடி வந்தோரைத் தீவுகளிலே அடைத்துவைக்கும் கொள்கையை அவற்றிலே கடுமையாகச் சாடினார். தாம் எங்கே வேலைசெய்கிறார் என்று அவர் கூறவில்லை; அவற்றிற் பெரும்பாலானவற்றை வேலைநேரத்துக்கு வெளியிலே எழுதினார். உடன் வேலைசெய்வோர் கண்டுபிடித்தனர். 2013இலே வேலை போயிற்று. 2019 ஓகஸ்டிலே நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஏகமனதாகத் திணைக்களத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்கச் சேவை கட்சிச்சார்பற்றதாக இருக்கவேண்டும், அந்த நோக்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு தகுந்ததே என்பது தீர்ப்பின் சாரம். இந்த நியாயத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உத்தியோகத்தர் ஒழுங்காக வேலைசெய்வார் என்ற நம்பிக்கை மக்களுக்கு வேண்டியதே. ஆனால் அந்த நம்பிக்கையைக் குலைப்பவர் யார்? இரவிலே பெயரை மறைத்துக் கண்டனம் எழுதிவிட்டுக் காலையிலே வந்து தம் வேலையைச் செவ்வனே செய்யும் கீழ்நிலை ஊழியரா? அமைச்சரின் மேடையில் ஏறி மாலையிடும் பெரிய உத்தியோகத்தரா? அரசாங்கத்தைப் புகழ்ந்து எழுதியதற்காக எவரேனும் ஒழுக்காற்று விசாரணைக்கு உட்பட்டதாக நான் இன்றுவரை கேள்விப்பட்டதில்லை. நடுநிலை என்று கூறப்படுவது பெரும்பாலும் ஒருபக்க மௌனமே.

துருக்கியிலே நடந்தது இதனினும் விசித்திரமானது. அதானாவிலே கல்வி அமைச்சின் கீழுள்ள நிலையமொன்றிலே கூட்டித் துடைக்கும் ஒப்பந்த ஊழியரான ஒரு பெண் ஒரு வரிகூட எழுதவில்லை. பிறர் முகநூலில் எழுதிய சில குறிப்புகளுக்கு விருப்பக்குறி இட்டார். அரச அடக்குமுறையைக் கண்டிப்பவையும், ஆசிரியர்களையும் மதத் தலைவர்களையும் குறைகூறுபவையும் அவற்றுள் அடங்கும். 2016இலே அவர் நீக்கப்பட்டார். வேலைத்தலத்தின் அமைதி குலைகிறதாம்! விளக்குமாற்றை வைத்துவிட்டு அவர் விரலால் ஒரு தடவை தொட்டதனால் ஓர் அமைச்சின் அமைதி குலைந்துவிட்டது. உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்டபின், 2021 யூனிலே ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது. ஊழியரின் பதவி, அவர் பெற்றிருந்த செல்வாக்கு, அக்குறிகளை எத்தனை பேர் கண்டிருக்கக்கூடும் என்பவற்றை உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று அது குறைகண்டது. பதவியைக் கருதவேண்டும் என்பது இங்கு முக்கியமானது. நீதவானும் தேர்தல் அதிகாரியும் நாவையடக்க வேண்டிய அளவுக்குக் கூட்டித் துடைப்பவரும் அடக்கவேண்டுமென்று கூறுவது எந்த நியாயத்தின்பாற்பட்டது? எனினும் நடைமுறையிலே இந்த விதி தலைகீழாகவே நிற்கிறது.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு அமெரிக்காவின் பழைய வழக்கொன்று பயன்படும். 1964இலே இல்லினோய் மாநிலத்து ஆசிரியர் மார்வின் பிக்கரிங், கல்விச்சபை பணத்தைப் பாடங்களுக்குச் செலவிடாது விளையாட்டுக்கு எவ்வாறு வாரியிறைக்கிறது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வேலையிலிருந்து நீக்கினர். கடிதத்திலே சில புள்ளிகள் பிழையாகவும் இருந்தன. 1968இலே அந்நாட்டின் உயர் நீதிமன்றம், தெரிந்தே பொய்யெழுதினார் அல்லது உண்மையைப் பொருட்படுத்தாது எழுதினார் எனக் காட்டப்படாதவரை, பொதுவிடயம் பற்றிப் பேசியதற்காக ஆசிரியரை நீக்கமுடியாது என்றது. பாடசாலைப் பணம் எவ்வாறு செலவாகிறது என்பதை ஆசிரியரே நன்கறிவார், ஆதலால் அவர் அச்சமின்றிப் பேசுவது சமூகத்துக்கு அவசியம் என்ற கருத்து அத்தீர்ப்பிலே உண்டு. எமது சுற்றறிக்கையின் தர்க்கத்துக்கு இது நேர்மாறானது. அறிந்தவன் பேசக்கூடாது என்கிறது சுற்றறிக்கை. அறிந்தவன் என்பதனாலேயே பேசவேண்டும் என்கிறது தீர்ப்பு. அண்டைநாட்டிலும், 2020 சனவரியிலே திரிபுரா மேல் நீதிமன்றம், முகநூற் குறிப்பொன்றுக்காக விசாரணைக்குள்ளான அரசாங்க ஊழியரின் வழக்கிலே, அரசாங்க ஊழியரும் பேச்சுரிமையை இழந்தவரல்லர் என்றது.

இதை முதலாளித்துவ நாடுகளின் நோய் என்று கூறித் தப்பிக்கொள்ள நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டவேண்டும். வூஹான் மத்திய மருத்துவமனையின் கண்வைத்தியர் லீ வென்லியாங், 2019 டிசெம்பர் 30ஆந் திகதி, தம்மோடு படித்த வைத்தியர்களின் வீசாட் குழுவிலே புதிய நோயொன்றைப் பற்றி எச்சரித்தார். நான்கு நாளில் பொலிசார் அவரை அழைத்து, வதந்தி பரப்பியதாகக் கண்டித்து ஒப்பமிடச் செய்தனர். அதே நோய் கண்டு 2020 பெப்ரவரி 7ஆந் திகதி இறந்தார். மார்ச்சிலே பொலிசார் கண்டனத்தை மீட்டுக்கொண்டு குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டனர். அந்த எச்சரிக்கைக்குச் செவிகொடுத்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று கணக்கிட எவராலும் இயலாது. செங்கொடி பறக்கும் கட்டடத்துக்குள் நடந்தது என்பதற்காக அடக்குமுறைக்கு வேறு பெயர் சூட்ட நான் ஆயத்தமாயில்லை.

இனி, எமக்குச் சங்கடமான பக்கம். 2018 மார்ச்சிலே திகனையிலும் கண்டியின் ஏனைய பகுதிகளிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அந்தத் தீயை மூட்ட உதவியவை இதே சமூக வலைத்தளங்களே. இன வெறுப்பைக் கக்குவோருட் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தரும் உளர். அவர்களின் பெயரைக் கண்டதும், ‘இவன் எங்கே வேலை செய்கிறான்? முதலாளிக்கு எழுதுவோம்’ என்று கிளம்புவோரிலே எமது முற்போக்கு இளைஞர்களே முன்னணியில் நிற்கின்றனர். அவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தொழிலாளியின் வாயைத் திறக்கவும் மூடவும் முதலாளிக்கு அதிகாரமளிப்பது அந்தக் கோபத்துக்கு ஏற்ற மருந்தாகாது. வன்முறையைத் தூண்டுபவனைச் சட்டத்தின்முன் நிறுத்தவேண்டும், அதற்குச் சட்டமுண்டு. தன் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் இனத்தையே இழிவுபடுத்தி எழுதும் ஆசிரியனைப் பாடசாலை விசாரிக்கவேண்டும். ஏனெனில் அங்கே அவன் எழுத்து அவன் வேலையையே தொடுகிறது, அந்தப் பிள்ளை மறுநாள் அவன் முன் உட்காரவேண்டும். இவ்விரண்டுக்கும் புறம்பான வெறுங் கருத்து, அது எவ்வளவு பிற்போக்கானதாயினும், முதலாளியின் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதன்று.

இங்கிலாந்திலே வீடமைப்பு நிறுவனமொன்றின் ஊழியர் 2011இலே, ஒருபாலார் திருமணத்தைத் தேவாலயத்திலே நடத்தவிடுவதைக் குறித்து ஐயந்தெரிவித்து முகநூலிலே ஒருசில சொற்கள் எழுதினார். அவருடைய கருத்து எனக்கு உடன்பாடன்று. பதவியிறக்கி, சம்பளத்திலே நாற்பது வீதத்தை வெட்டினர். 2012இலே நீதிமன்றம் அது ஒப்பந்த மீறல் என்றது. ஆயினும் ஒப்பந்தச் சட்டத்தின் கணக்கிலே அவருக்குக் கிடைத்த நட்டஈடு நூறு பவுண் கூட இல்லை. உரிமையைத் தொண்ணூற்றெட்டுப் பவுணுக்கு மதிப்பிட்ட அந்தத் தீர்ப்பைப் படிக்கும் எவரும், இன்று இவருக்கு நேர்ந்தது நாளை தொழிற்சங்கக்காரனுக்கு நேரும் என்பதை உணர்வர். அந்த நாளிலே முதலாளியிடம் நாமே ஒப்படைத்த ஆயுதத்தைத் திருப்பித் தா என்று கேட்கமுடியாது.

1886இலே சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணித்தியால வேலைநாளுக்காகக் கிளர்ந்தபோது, எட்டு மணித்தியாலம் வேலைக்கு, எட்டு உறக்கத்துக்கு, எஞ்சிய எட்டுத் தமக்கே என்றனர். முதலாளி விலைகொடுத்து வாங்குவது உழைப்பை, மனிதனை அன்று. அந்த மூன்றாவது எட்டு மணித்தியாலத்துக்கு நடப்பது என்ன? கொவிட் காலத்திலே ஆசிரியர்கள் தம் சொந்தத் தொலைபேசியிலே, சொந்தப் பணத்திற் பெற்ற இணைய இணைப்பிலே, இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப் மூலம் பாடம் அனுப்பினர்; வலயக் கந்தோரின் கட்டளைகளும் அதே தொலைபேசிக்கே வந்தன. அப்போது அது வேலைக்கருவி. 2021இலே சம்பள முரண்பாட்டை எதிர்த்து அதே ஆசிரியர்கள் நிகழ்நிலை வகுப்புகளிலிருந்து மூன்று மாதங்களுக்கு மேல் விலகி நின்றபோது அந்தத் தொலைபேசிகளே போராட்டக் கருவியாயின. சுற்றறிக்கை அதன்பின் வந்தது.

எமது நாட்டிலே இந்தப் போராட்டம் புதியதன்று. 1947இலே தொழிற்சங்க உரிமை கோரிக் கூட்டங்கூடிய அரசாங்க எழுதுவினைஞர் சங்கத் தலைவர்கள் இடைநிறுத்தப்பட்டனர், வேலைநிறுத்தம் மூண்டது, யூன் 5ஆந் திகதி எழுதுவினைஞர் கந்தசாமி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். வேலையிழந்த சங்கத் தலைவர் ரி. பி. இலங்கரத்ன 1956இலே தொழில் அமைச்சரானார். ‘அம்ப யாலுவோ’ என்ற நாவலை எழுதியவரும் அவரே. 1957ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டம் தொழில் நியாயமன்றுகளை ஏற்படுத்தியதும், மறுவருடம் ஊழியர் சேமலாப நிதி தோன்றியதும் அவருடைய காலத்திலேயே. வேலையிலிருந்து துரத்தப்பட்ட எழுதுவினைஞன் துரத்தப்படுவோருக்காக மன்றம் அமைத்தான். 1980 யூலை வேலைநிறுத்தத்திலே ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் ஒரேயடியாகத் துரத்தப்பட்டதையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

அந்த மன்றங்களின் தேவை இன்று தனியார் துறையிலே மிகுதி. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்லும் வழி நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே திறந்திருக்கிறது. கட்டுநாயக்காவிலே தையல் இயந்திரத்தின் முன்னிருக்கும் பெண், உணவில் புழுக் கிடந்ததென்று படமெடுத்து முகநூலில் இட்டதற்காக நிறுத்தப்பட்டால், 14ஆம் உறுப்புரை அவளுக்கு நேரடியாக உதவாது. ஒழுக்கக் காரணம் காட்டி நிறுத்தினால் 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டமும் பொருந்தாது. எஞ்சியிருப்பது தொழில் நியாயமன்று மட்டுமே. அங்கே வழக்கு முடியும்வரை வாடகை கட்டுவது யார்? ஐக்கிய அமெரிக்காவிலே 1935ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், வேலைநிலைமை பற்றித் தொழிலாளர் தமக்குள் கூடிப் பேசுவதைக் காக்கிறது. கனெக்ரிக்கற்றிலே முகநூலில் மேற்பார்வையாளரைக் குறைகூறியதற்காக நீக்கப்பட்ட அம்புலன்ஸ் ஊழியர் ஒருவருக்காக அந்நாட்டுத் தொழிலுறவுச் சபை அதே சட்டத்தை எடுத்து நின்றது. 2011இலே கம்பனி தன் விதிகளைத் தளர்த்த இணங்கிற்று. எமது சங்கங்கள் கூட்டு ஒப்பந்தம் பேசும்போது சம்பளத்தோடும் விடுமுறையோடும் இந்த வாசகத்தையும் கேட்கலாம்: வேலைநேரத்துக்கு வெளியே வேலைநிலைமை பற்றியும் பொதுவிடயம் பற்றியும் ஊழியர் கூறுவது ஒழுக்காற்றுக் குற்றமாகாது. அரசாங்கச் சேவையிலே தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்திலும் தகவலையும் கருத்தையும் பிரித்துக் காட்டும் திருத்தமொன்றைக் கோரலாம்.

அந்த இளம் ஆசிரியைக்கு நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. அந்த வரிகளை மீண்டும் எழுதித் தரும்படி, இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது கேட்டேன். ‘இப்ப நினைவில்லை சேர்’ என்றார்.